மறதி நோய் கண்ட பெற்றோரும் போனில் பேசும் ஏஐயும்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டிமென்ஷியா என்கிற மறதி நோய். கூடப் பிறந்தவர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர்தான். யாரோ ஒருவர் "சாட்ஜிபிடியைக் கேளு, எல்லாம் சொல்லும்" என்கிறார். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்த பிறகு டவுனுக்கு வந்தவர். எந்தப் பேப்பர் முதலில், எங்கே எவ்வளவு செலவு, இந்த ஏஐ எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தமிழில் ஒரே இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏஐ அதிகம் கைகொடுப்பது பார்த்துக்கொள்பவருக்குத்தான். நோயாளியிடம் அதைப் பேசவிடுவது கடைசிப் படி. சில வீடுகளுக்கு அந்தப் படியே தேவைப்படாது.

1. நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை

"அம்மா சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார், இது டிமென்ஷியாவா?" என்று ஏஐயிடம் கேட்டால் பக்கம் பக்கமாகப் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாமே வெளியிலிருந்து பார்க்க மறதி மாதிரிதான் இருக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம், ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். போன வாரம்வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் ஆளே மாறித் தடுமாறினால் அது வேறு விஷயம். சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். போனை வைத்துவிட்டு எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.

வழி இதுதான். முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்). அங்கே ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல நிபுணரையோ முதியோர் மருத்துவ நிபுணரையோ பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), அரசாங்க நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. காசு பெரிய தடையில்லை, காத்திருப்புதான் தடை. முதல் அப்பாயிண்ட்மெண்டே மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம் என்பதால் சந்தேகம் வந்த வாரமே கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை:

- அம்மாவின் ஐசி (அடையாள அட்டை), உங்கள் ஐசி, இரண்டுக்கும் நகல்
- கிளினிக் அப்பாயிண்ட்மெண்ட் புத்தகம், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள்
- வீட்டில் இருக்கும் எல்லா மருந்தும், பையோடு. சின்சே கொடுத்த சீன மருந்து, நாட்டு மருந்து, கடையில் வாங்கிய சளி மாத்திரை உட்பட. பிரிட்டான் (Piriton) போன்ற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டும்
- எப்போதிருந்து, என்னென்ன மாறியது என்று அரைப் பக்கம்

டாக்டர் 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைப்பார். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று போகும். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவரிடம் இதை மலாயில் கேட்டால் நோயே இல்லாவிட்டாலும் மதிப்பெண் குறையத்தான் செய்யும். எத்தனை வகுப்பு படித்தார், எந்த மொழி வரும் என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

2. போன், லைன், செலவு

புதுப் போன் வாங்க வேண்டாம். வாட்ஸ்அப் ஓடுகிற ஆண்ட்ராய்டு போன் போதும். பிரீபெய்ட் லைன் மாதம் 35 வெள்ளி அளவில் எடுத்தால் தாராளம். தோட்டத்துக்குள் லைன் விட்டு விட்டு வரும். குரலில் பேசுவதற்கு நல்ல லைன் வேண்டும், எழுதிக் கேட்பதற்குச் சுமாரான லைனே போதும். பக்கத்தில் நாடி (NADI) என்கிற அரசாங்க இணைய மையம் இருந்தால், முன்பு பெடி என்று இருந்ததுதான், அங்கே போய் ஆப்பை இறக்கிக் கணக்குத் திறந்துகொள்ளலாம். உட்கார்ந்து சொல்லியும் தருவார்கள்.

சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டுக்கும் தமிழ் தெரியும், தமிழில் பேசவும் செய்யும். இரண்டின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதுமானது. சாட்ஜிபிடி பிளஸ் சந்தா மாதம் 20 அமெரிக்க டாலர், நம் காசில் எண்பது தொண்ணூறு வெள்ளி. அந்தப் பணத்துக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கலாம். ஆப் தேடும்போது ஒரு கண்ணி இருக்கிறது: அதே மாதிரி பெயரும் படமும் போட்டுக் காசு பிடுங்குகிற போலி ஆப்புகள். தயாரிப்பாளர் பெயர் ஓப்பன்ஏஐ அல்லது கூகுள் என்று இருக்கிறதா பார்த்த பிறகே இறக்குங்கள்.

கணக்கை உங்கள் பெயரில் திறங்கள், அம்மா பெயரில் வேண்டாம்.

3. பேசத் தொடங்குமுன் பூட்ட வேண்டியவை

சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ், பிறகு டேட்டா கண்ட்ரோல்ஸ். அங்கே "இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்" என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். ஜெமினியில் ஆக்டிவிட்டி சேமிப்பை அணைக்கலாம். அணைக்காமல் விட்டால் சில உரையாடல்களை மனிதர்களே படித்துப் பார்ப்பார்கள் என்றும், அப்படிப் பார்த்தவற்றை மூன்று ஆண்டுவரை வைத்திருப்போம் என்றும் கூகுளே சொல்கிறது.

எதை அணைத்தாலும் ஐசி எண், வங்கி எண், கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) விவரம், வீட்டு முகவரி எதையும் கொடுக்காதீர்கள். கிளினிக் தாளைப் படம் எடுத்துப் போடுவதென்றால் பெயரையும் ஐசி எண்ணையும் விரலால் மறைத்துவிட்டு எடுங்கள். "அம்மா, வயது 76" என்பதே அதற்குப் போதும்.

4. அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஏஐக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது. நீங்கள் தமிழில் கேட்டாலே தமிழ்நாட்டில் இருப்பதாக எடுத்துக்கொண்டு ஆதார் அட்டை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று ஆரம்பித்துவிடும். ஆங்கிலத்தில் கேட்டால் இங்கிலாந்துச் சட்டத்தைச் சொல்லும். நம் ஊர்த் தமிழும் அதற்குப் பிடிபடாது. அம்மா "பெரட்டுக்கு நேரமாச்சு" என்றால் அது பரோட்டா என்று எழுதிக்கொண்டு சமையல் குறிப்பு தரும்.

நான் எழுதி வைத்திருப்பதில் ஒரு பகுதி இது:

"நான் மலேசியாவில், பேராக்கில் இருக்கிறேன். சட்டம், அரசாங்க உதவி எதுவானாலும் மலேசியாவுக்கு உரியதை மட்டும் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். என் அம்மாவுக்கு வயது 76, மறதி நோய். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. கித்தா என்றால் ரப்பர். காண்டா வாளி என்றால் தோளில் கம்பு வைத்துப் பால் சுமக்கும் வாளி. ஆயாக்கொட்டாய் என்றால் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அம்மா பேசும்போது பேச்சுத் தமிழில், ஒரு நேரத்தில் ஒரு சின்ன வாக்கியம் மட்டும் பேசு. பாட்டி என்று கூப்பிடு. ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதே. அப்பா காலமாகிவிட்டார். அவர் எங்கே என்று அம்மா கேட்டால் இறந்ததைச் சொல்லாதே, வந்துவிடுவார் என்றும் சொல்லாதே. அவருக்கு என்ன சமைப்பீர்கள் என்பது மாதிரி அவரைப் பற்றியே ஏதாவது கேள். மருந்து, பணம், வெளியே போவது என்று பேச்சு வந்தால் மகளைக் கேட்போம் என்று சொல். யாரைப் பற்றிக் குறை சொன்னாலும் ஆமாம் போடாதே."

அம்மாவுக்குப் பிடித்த சாப்பாடு, கும்பிடும் சாமி, பயப்படும் விஷயம் எல்லாவற்றையும் இதே மாதிரி சேருங்கள். சாட்ஜிபிடியில் கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒட்டத் தேவையில்லை. அங்கே இடம் குறைவு, சுருக்கிப் போடுங்கள். ஜெமினியில் பேச்சைத் தொடங்கும்போது முதல் செய்தியாக ஒட்டலாம். இதையே ஒரு தாளில் அச்சடித்து வீட்டில் வையுங்கள். அவசரத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளும் சித்திக்கும் அது உதவும்.

5. நீங்கள் கேட்க வேண்டியதும் கேட்கும் விதமும்

"அம்மா ராத்திரி தூங்குவதில்லை, என்ன செய்வது?" என்று கேட்டால் எந்தப் பத்திரிகையிலும் வருகிற பதில்தான் வரும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காண்டா வாளியைத் தேடுகிறார். கிரில் கதவை இழுக்கிறார். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது என்று சொன்னால் கத்துகிறார். வாதாடாமல் திரும்பப் படுக்கவைக்க ஐந்து வழி சொல்." எனக்கு வந்த ஐந்தில் மூன்று சப்பென்று இருந்தன. ஒன்றில் மட்டும், அவர் இருக்கும் உலகத்துக்குள்ளேயே நின்று, இன்றைக்கு வேலை இல்லாததற்கு அவர் ஒத்துக்கொள்கிற காரணம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று இருந்தது. காரணம் என்ன என்று ஏஐக்குத் தெரியாது, தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியும். "மழை பேயுதும்மா, இன்னிக்கு வெட்டு இல்ல." மரம் நனைந்தால் வெட்டு கிடையாது என்பது அம்மாவின் எலும்பில் ஊறிய விஷயம். கோப்பி ஒரு வாய் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். எல்லா நாளும் பலிப்பதில்லை, பல நாள் பலிக்கிறது.

இன்னொரு பயன், எனக்கு இதுவே பெரியது: டாக்டருக்கான குறிப்பு. தினமும் இரவு இரண்டு வரி குரலில் சொல்லிவிடுங்கள். என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எத்தனை மணி. அப்பாயிண்ட்மெண்டுக்கு முதல் நாள், "இவற்றை மலாயில் ஒரே பக்கத்தில், தேதி வாரியாக டாக்டருக்கு எழுதிக் கொடு, நான் சொல்லாத எதையும் சேர்க்காதே" என்று கேளுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் அழகுக்காக ஒன்றிரண்டைத் தானே சேர்த்துவிடும். நிபுணர் நம்மோடு பேசுவது கொஞ்ச நேரம்தான், அந்தத் தாளைப் பார்த்தால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்.

அண்ணன் தம்பிகளுக்குச் செலவுப் பங்கு கேட்டு வாட்ஸ்அப் எழுதவும் உதவும். கோபத்தில் நாம் எழுதுவதைவிட அது எழுதுவது சண்டை மூட்டாமல் இருக்கும்.

கேட்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, மருந்து அளவு. மாத்திரையைப் பாதியாக்கலாமா, ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் சேர்த்துக் கொடுக்கலாமா என்பதைக் கிளினிக் மருந்தகத்தில் கேளுங்கள். இரண்டு, அம்மாவின் வங்கிக் கணக்கும் வீடும். "லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வையுங்கள்" என்று ஏஐ வெகு சாதாரணமாகச் சொல்லும். பின்னாளில் புத்தித் தெளிவு போனாலும் செல்லுகிற அதிகாரப் பத்திரம் அது. இங்கிலாந்தில் உண்டு, மலேசியாவில் கிடையாது. இங்கே எழுதித் தரும் சாதாரணப் பவர் ஆஃப் அட்டர்னி, தந்தவருக்கு முடிவெடுக்கும் புத்தித் தெளிவு போனபின் செல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு 2001 மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு வக்கீல் செலவும் காலமும் பிடிக்கும். அம்மாவுக்கு இன்னும் தெளிவு இருக்கும்போதே வக்கீலைப் பாருங்கள்.

6. ஜேகேஎம் (சமூகநலத் துறை) பேப்பர்கள்

டாக்டர் உறுதிசெய்த பிறகு ஓகேயு அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டை) மனுச் செய்யலாமா என்று அவரிடமே கேளுங்கள். முற்றிய டிமென்ஷியா பொதுவாக மனநலப் பிரிவில் பார்க்கப்படும். மனுப் பாரத்தில் (படிவத்தில்) மருத்துவப் பகுதியை அரசாங்க டாக்டர் அல்லது நிபுணர் நிரப்பிக் கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். அதோடு ஐசி நகல், பாஸ்போர்ட் அளவு படம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. காசு கேட்டு யாராவது ஏஜெண்டு என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேரும், அதனால் சமூகநல அலுவலகமும் அந்த மாவட்டத்தினுடையது. அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்குக் கிடைக்கும்.

வசதி இல்லாத 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதியோர் உதவித்தொகை தனியாக இருக்கிறது. மாதம் 500 வெள்ளியாக இருந்தது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 600 ஆக்கப்பட்டது. வருமானத்தைப் பார்த்து, வீட்டுக்கும் வந்து விசாரித்துத்தான் தருவார்கள். படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஓர் உதவித்தொகை உண்டு, அதையும் அதே கவுண்டரில் கேளுங்கள். வேலையில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோர் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிவரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். ரசீதுகளையும் டாக்டர் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே ஏஐயின் வேலை மலாய் பாரத்தைத் தமிழில் விளக்குவதோடு சரி. எந்த உதவிக்கு யார் தகுதி என்று அது சொல்வதை வைத்து பஸ் ஏறாதீர்கள். பழைய தொகையைச் சொல்லும், இல்லாத பாரத்துக்குப் பெயர் சொல்லும். முதலில் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

7. அம்மாவைப் பேசவிடுவதென்றால்

காலைப் பசியாறிய பிறகு, பத்து மணி வாக்கில். சாயங்காலம் வேண்டவே வேண்டாம், பொழுது சாயும்போது குழப்பம் கூடும். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வேறு எங்கும் விரல் படாமல் இருக்கப் போனில் ஆப் பின்னிங் என்ற வசதியைப் போட்டுவிடுங்கள், அந்த ஒரு திரையிலேயே நிற்கும்.

முதலில் இடிப்பது மௌனம். முதியவர் ஒரு சொல்லைத் தேடி நிறுத்தினால் பேச்சு முடிந்தது என்று நினைத்து ஏஐ நடுவில் புகுந்துவிடும், அம்மா பயந்து பேச்சை நிறுத்திவிடுவார். இதற்கு நேரடிக் குரல் பேச்சை விட்டுவிட்டு மைக் பொத்தானை வைத்துப் பேசி, முடிந்தபின் நீங்களே அனுப்புங்கள். வரும் பதிலைச் சத்தமாக வாசிக்கவையுங்கள், இல்லையென்றால் நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். அதன் தமிழ் செய்தி அறிக்கை வாசிப்பது போல் இருந்தால் "பேச்சுத் தமிழில் சொல்" என்று மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டுப் பழையபடி போகும்.

நல்லது என்னவென்றால், ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் அது முகம் சுளிப்பதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா, சம்பள நாள் சந்தை, நெத்திலிச் சம்பல் என்று கேள்வி போட்டால் அம்மா பேசுகிறார். நான் கேட்டறியாத கதையெல்லாம் அப்போது வரும்.

கெட்டது, அது தலையாட்டிக்கொண்டே இருக்கும். மறதி நோய் உள்ள பலருக்கு, வைத்த இடம் மறந்த பொருளை யாரோ திருடிவிட்டார்கள் என்று தோன்றும். "மருமக என் வளையல எடுத்துட்டா" என்று எங்கள் வீட்டிலும் வந்தது. அம்மாவைப் பற்றிய பக்கம் இல்லாமல் புதுப் பேச்சில் இதைச் சொல்லிப் பார்த்தேன். இது மிகவும் கவலைக்குரிய விஷயம், போலீசில் புகார் செய்யலாமே என்று பதில் வந்தது. இப்படி ஒரு பதிலை அம்மா தனியாகக் கேட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் "ஆமாம் போடாதே" என்ற வரியும், பக்கத்தில் ஆளும்.

"நீ யாரு?" என்று அவர் கேட்டால் போனில் பேசுகிற மெஷின் என்று உண்மையைச் சொல்லவையுங்கள். குரல் எங்கிருந்து வருகிறது என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலோ, கதவுப் பக்கம் ஆளைத் தேடினாலோ, அழுதாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். மறுபடி அப்படியே ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள். பாட்டுக்கு இது தேவையே இல்லை, மின்னல் எஃப்எம் போட்டுவிட்டால் போதும்.

8. ஏஐயைத் தொடக் கூடாத நேரங்கள்

அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டால் 999. கூடவே தோட்டத்துப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குச் சொல்லுங்கள். பழைய லயம், கோவில், பால் ஸ்டோர் பக்கம் முதலில் தேடுங்கள். சட்டையின் உட்புறத்தில் உங்கள் போன் எண்ணை இப்போதே தைத்து வையுங்கள். கீழே விழுந்தாலும், திடீரென்று வாய் கோணினாலும், ஒரு பக்கம் கை விழுந்தாலும் அதே 999தான்.

உங்களுக்கே முடியாமல் போகும் இரவுகளும் வரும். ஏஐயிடம் புலம்பலாம், தப்பில்லை. அம்மா மேலோ உங்கள் மேலோ கை ஓங்கத் தோன்றுகிற அளவுக்குப் போனால் மனிதரிடம் பேசுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் லைன் 15555, அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999.

நோய் முற்ற முற்றப் பேச்சு குறையும், ஒரு கட்டத்தில் அம்மா பக்கத்துக்கு இந்த ஆப் தேவைப்படாமல் போய்விடும். அப்போது பழைய உரையாடல்களை அழித்துவிடுங்கள். டாக்டருக்கான குறிப்புகளை மட்டும் முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது சந்தா கட்டிக்கொண்டிருந்தால் கூகுள் பிளேயில் சந்தாப் பட்டியலுக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். ஆப்பை மட்டும் அழித்தால் மாதாமாதம் காசு போய்க்கொண்டேதான் இருக்கும்.